கன்னம் வைத்துப் பார்த்த தண்ணீர்

என் மகளின் இடது குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி நுழையும். படுக்கவைத்த தீப்பெட்டி. அவளை நேராக நிற்கச் சொல்லிவிட்டு, நான் மண்டியிட்டு உட்கார்ந்து, பெட்டியை மெல்லத் தள்ளிப் பார்ப்பேன். எங்கேயும் இடிக்காமல் உள்ளே போய்விட்டால் எனக்கு ஒரு மாதிரியாகிவிடும். காலையில் தசை இறுகியிருக்கும், மத்தியானம் பார்ப்போம் என்று எழுந்துவிடுவேன். மத்தியானமும் போகும். சாயங்காலமும் போகும்.

"போதும்பா, கால் வலிக்குது. நாளைக்கு வெளையாடலாம்" என்று அவள் ஓடிவிடுவாள். வலது காலை முழுசாக ஊன்றி, இடது காலை விரல்நுனியில் ஊன்றி, டப்பு டக்கு, டப்பு டக்கு என்று. தோட்டத்து லயத்து வீட்டின் சிமெண்டுத் தரையில் அந்தச் சத்தம் எந்த மூலையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். வெளியே மழை கொட்டினாலும் கேட்கும். என் காது அதற்கென்றே பழகிப்போயிருந்தது.

அவளுக்கு அப்போது ஆறு வயது. நடக்க ஆரம்பித்த நாளிலேயே அப்படித்தான் நடந்தாள். நாங்கள் அதை அழகு என்று நினைத்தோம். செகிஞ்சான் ஊர் மீன் கடையில் ஒரு சீனத்து அம்மா அவளைப் பார்த்துவிட்டு, "ஒன் மக டான்ஸ் ஆடப் போறா" என்று மலாயில் சொன்னார். நான் அந்தப் பேச்சை ஒரு வருடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பாலர் பள்ளி ஆசிரியைதான் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு காலு சின்னதா இருக்கா இல்ல நரம்பு இழுக்குதான்னு பாத்துருங்க" என்றார்.

பார்த்தோம். கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் தசைநார் குட்டையாக இருக்கிறது என்றார் மருத்துவர். இரண்டு மாதம் வீட்டிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துப் பயிற்சி கொடுங்கள், பிறகு மறுபடியும் பார்க்கலாம் என்றார். தளரவில்லை என்றால் மாவுக்கட்டு. அதற்கும் அசையவில்லை என்றால் ஒரு சின்ன அறுவை. சின்ன என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார்.

காரில் திரும்பி வரும்போது புக்கிட் ரோத்தான் ஊரைத் தாண்டினோம். மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

"அப்பா, டாக்டரு என் கால வெட்டுவாரா?"

"இல்லம்மா. யாரு சொன்னா?"

"அம்மாகிட்ட சொன்னாருல்ல. ஒங்க அருவாள்லயா வெட்டுவாரு?"

நான் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன், பாமாயில் எடுக்கிற பழக் குலை. பத்தொன்பது வருடமாக அதுதான் வேலை. மூன்று ஆள் உயரத்துக்கு நீளும் அலுமினியக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாள். அது எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரில்தான் சாய்ந்து நிற்கும். அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டுபோய் கூட்டாளி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவள் கண்ணில் படக்கூடாது. அதன் பிறகு இரண்டு மாதமும் விடிகாலையில் கூட்டாளி வீட்டுக் கதவைத் தட்டித்தான் என் அரிவாளை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவர் மருத்துவமனையின் பிசியோ அம்மா. மலாய்க்காரர், சிரித்த முகம். ஒரு பாடம் மாதிரி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். 'கொடுத்தாராம்' என்றுதான் என்னால் எழுத முடியும். அந்த நேரத்தில் நான் உள்ளே இல்லை. எனக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரவே வராது. நடைபாதையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கார் நிறுத்திய இடம் சரியா என்று இரண்டு தடவை கீழே போய்ப் பார்த்தேன். என் மனைவிதான் எல்லாவற்றையும் கேட்டு, போனில் எழுதி வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் செய்யவேண்டியவன் நான். அவளுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்னே பெரிய ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். திரும்பி வர விளக்கு வைக்கிற நேரமாகும். எனக்கு இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அதனால் அவள் வாயால் சொன்னாள், நான் காதால் வாங்கினேன்.

"முட்டி வரைக்கும் தண்ணி. இருவது நிமிசம். அப்பறம் குதிகால ஒரு கையில புடிச்சிக்கிட்டு, பாதத்த மெதுவா மேல தள்ளணும். முப்பது எண்ணுற வரைக்கும். விட்டுட்டு மறுபடி. பத்து தடவ. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது."

"தண்ணி சூட்ட முழங்கைய விட்டுப் பாக்கணுமாம். கைய நம்பக்கூடாதாம்."

"சரி லா. தண்ணி சூடு பாக்கத் தெரியாதா எனக்கு?"

வெதுவெதுப்பை மலாய்க்காரர்கள் நகச்சூடு என்பார்கள். அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் ஆட்கள் பேசுவதைக் கேட்டு வந்ததுதான். யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வேன். இந்த நகச்சூட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். முழங்கையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும். அதனால் எல்லா வீட்டிலும் நீல நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கும், தோங் என்போம். எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்றைப் பாதியாக அறுத்து, விளிம்பு காலைக் கிழிக்காமல் இருக்க பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தைத்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். பெரிய சட்டியில் தண்ணீர் காய்ச்சி, பச்சைத் தண்ணீர் கலந்து, உள்ளே ஒரு சின்ன முக்காலி போட்டு மகளை உட்காரவைத்தேன். தொட்டியின் அடியில் சோடா மூடிகளைப் போட்டு, கால் விரலால் எடுக்கச் சொன்னேன். அது பிசியோ அம்மா சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு. அவளுக்கு அது பிடித்துப்போனது. ஒரு மூடிக்கு ஒரு கதை கேட்பாள்.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போனது. தீப்பெட்டி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

லயத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோனது. ஆளுக்கொரு பேச்சு. "நரம்பு தூங்குதுடா, தட்டி எழுப்பணும்" என்றார் ஒருவர். "கோழிக்கால் சூப்பு குடுத்தியா? காலுக்குக் காலு" என்றார் ராசா ஊரிலிருந்து வந்த என் மச்சான். மலையடிவாரத்தில் இருக்கும் சுடுநீர் ஊற்றுக்குக் கொண்டுபோய் இறக்கு என்று ஒரு கூட்டம். பக்கத்து வீட்டு அக்கா, புல்வெட்டு வேலையிலிருந்து ஓய்வெடுத்தவர், தினமும் நாலு மணிக்கு வந்து தொட்டியருகே நின்று என்னை விசாரிப்பார்.

"என்னாடா, ஆலையாட்டம் குலைய வேகவச்சிட்டியா?"

"குலை இல்லக்கா, என் மக."

"எங்க, பாக்கத்தான் குலையாட்டம் ஒக்காந்திருக்கு. செவந்து போயி."

சிவந்துபோயிருந்தது. அக்கா விளையாட்டாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் நின்று கேட்டிருக்கவேண்டும்.

நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அரிவாளை ஓங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கணக்குத்தான்: இன்னும் ஆறு வாரம், இன்னும் ஐந்தரை வாரம். மேலே பார்த்தால் குலை தெரிவதில்லை, குதிகால்தான் தெரிந்தது. பழுக்காத குலையை வெட்டிப் போட்டு, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் உட்காரத் தோன்றாது. சாப்பிடும்போதே எழுந்துபோய் தீப்பெட்டியை எடுப்பேன். என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "நீங்க அவ கால அளக்கல. ஒங்க மனச அளக்குறீங்க. வைங்க அத."

நான் வைக்கவில்லை. மாறாக ஒரு யோசனை வந்தது.

செம்பனை ஆலையில் குலையைப் பெரிய உருளைக்குள் போட்டு நீராவியில் வேகவைப்பார்கள். வெந்தால்தான் பழம் காம்பிலிருந்து கழன்று விழும். சூடு குறைந்தால் பாதிப் பழம் காம்போடு ஒட்டிக்கொண்டு வரும். வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அது ஒன்றுதான். சூடு கூடினால் இறுகியது இளகும். பிசியோ அம்மா பயந்த சுபாவம், எல்லாருக்கும் பொதுவாக நகச்சூடு என்று சொல்லியிருப்பார், கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் தளரும் என்று நான் முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. தினமும் ஒரு குவளை சுடுதண்ணீர் அதிகமாக ஊற்றினேன். கையை விட்டுப் பார்ப்பேன். இதமாக இருக்கும்.

"அப்பா, சுடுது."

"சுடாதும்மா. அப்பா கைய விட்டுப் பாத்துட்டேன்ல?"

"கொஞ்சம் சுடுது."

"நடிக்காத. வை கால."

அவள் வைப்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வைப்பாள். நாலு நாள் அப்படி வைத்தாள். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு எழுந்து வெளியே போய்விட்டு வரவேண்டும் போல இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலையிலேயே குழாயில் தண்ணீர் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் ஏதோ பழுது, மறுநாள்தான் வரும் என்று போனில் செய்தி வந்தது. இன்னொரு தோங் நிறையப் பிடித்துவைத்த தண்ணீர் இருந்தது. சமையலுக்கும் குடிக்கவும் குளிக்கவும் அது ஒன்றுதான். ஒரு நாள் பயிற்சியை விட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு விட மனமில்லை. தண்ணீரைக் கஞ்சத்தனமாக எடுத்துச் சட்டியில் காய்ச்சினேன். பச்சைத் தண்ணீரைக் கலக்கவும் மனம் வரவில்லை. நாலு குவளை ஊற்றவேண்டிய இடத்தில் இரண்டு குவளை ஊற்றினேன். உள்ளங்கையை முழுசாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். சூடுதான், ஆனாலும் பொறுக்கும்படி இருந்தது.

"வை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து இறக்கினாள்.

அந்த அலறல் கடைசி வீடு வரை கேட்டிருக்கிறது. நான் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். கணுக்கால் வரை கருஞ்சிவப்பு, கோடு போட்ட மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா, சமையலுக்கு ஊற்றும் சோயா கிச்சாப் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"கிச்சாப் ஊத்துடா! கிச்சாப் ஊத்து, கொப்புளம் கட்டாது!"

"அக்கா, கொஞ்சம் இருங்க!"

"என்னாத்த இருக்குறது? எல்லாப் புள்ளைங்களுக்கும் நான் கிச்சாப்புதான் ஊத்துனேன். இல்லன்னா பல்லு தேய்க்கிற மருந்து இருக்கா? வெள்ளையா இருக்குமே, அது."

எனக்கு மூளை ஓடவில்லை. மகளை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையால் மனைவிக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் அவள் எடுக்கமாட்டாள். அன்று எப்படியோ எடுத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது.

"பச்சத் தண்ணி. வெறும் பச்சத் தண்ணி. ஊத்திக்கிட்டே இருங்க, இருவது நிமிசம். ஒன்னும் தடவ வேணாம். ஐசும் வைக்க வேணாம். யாரையும் தொடவிடாதீங்க. ஊத்துங்க!"

"தண்ணி நின்னுருச்சி. தோங்குல இருக்கறதுதான் இருக்கு."

"இருக்கறத ஊத்துங்க!"

ஊற்றினேன். தோங்கிலிருந்து குவளை குவளையாக மொண்டு, என் தொடைமேல் அவளை உட்காரவைத்து, இரண்டு பாதத்தின் மேலும் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தேன். அக்கா கிச்சாப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து குவளையை வாங்கிக்கொண்டார். நான் ஊற்றிய தண்ணீர் பாதி, பாதத்தில் படாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. "நீ புள்ளையப் புடி. நான் ஊத்துறேன்" என்றார். தோங் பாதிக்குமேல் காலியானது. தண்ணீர் தகரக் கூரையின் கீழிருந்து ஓடி, பின்பக்கச் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. மகள் அழுதழுது ஓய்ந்து, விக்கல் எடுக்க ஆரம்பித்திருந்தாள்.

கிளினிக் நர்ஸை மிஸ்ஸி என்போம். அவர் பார்த்துவிட்டு, கொப்புளம் இல்லை, தோல் உரியவில்லை, உடனே தண்ணீர் ஊற்றியது நல்லது, மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார். "இவ்ளோ சூடு எப்படி வந்திச்சி?" என்று கேட்டார். நான் என் கையைக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. அவர் தொட்டுப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக அலுமினியக் கம்பு தேய்த்த உள்ளங்கை. நகத்தால் கீறினாலும் எனக்குத் தெரியாது.

மனைவி ஏழு மணிக்கு வந்தாள். எண்ணெய் வாடையோடும் வியர்வையோடும் வந்தவளுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. அக்கா ஒரு வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதில் முகம் மட்டும் கழுவினாள். மகளின் பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் வலது கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இது கை இல்லங்க. செருப்பு. செருப்பால தண்ணி சூடு பாத்திருக்கீங்க."

பிறகு தீப்பெட்டியை எடுத்துச் சாமி மேடையில் வைத்தாள். "இனிமே இது வெளக்கேத்த மட்டும்தான்."

மூன்று நாளில் பாதம் சரியாகிவிட்டது. ஆனால் மகள் தண்ணீருக்குள் வரமாட்டேன் என்றுவிட்டாள். தொட்டி மட்டுமல்ல, குளிக்கவும் மாட்டாள். அடுப்பில் சட்டி வைக்கும் சத்தம் கேட்டாலே முன்வாசலுக்கு ஓடிவிடுவாள், டப்பு டக்கு, டப்பு டக்கு. துணியை நனைத்துத் துடைத்துத்தான் பள்ளிக்கு அனுப்பினோம். சோடா மூடியைக் காட்டினேன், அசையவில்லை. புதுப் பொம்மை வாங்கித் தருகிறேன் என்றேன். "ஒங்களுக்கு வாங்கிக்குங்க" என்றாள்.

நாலு வாரம்தான் மிச்சம். ஒரு நாள் போனால் ஒரு நாள் போனதுதான். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தொட்டியைக் கழுவினேன், கவிழ்த்தேன், நிமிர்த்தினேன், மறுபடி கழுவினேன். அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தொட்டி தேஞ்சி ஓட்ட விழப் போவுதுடா" என்றார். இப்போது வெந்நீரில் முழங்கையை விட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு எல்லாம் தெரிகிறது. எவ்வளவு சாதாரணமான விஷயம்.

எட்டாம் நாள் நாலு மணிக்கு, வருவாளோ மாட்டாளோ, வழக்கம்போலத் தண்ணீரைக் கலந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"சுடுதா?"

"இல்லம்மா. முழங்கைய விட்டுப் பாத்தேன்."

"பொய்யி."

"மெய்யாலுமே. இந்தா பாரு, கால வைக்கிறேன்." என் இரண்டு காலையும் தொட்டிக்குள் வைத்தேன்.

அவள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். என் பாதத்தை, வெடித்துப்போன குதிகாலை, நகத்தை எல்லாம் பார்த்தாள். "ஒங்க காலும் செருப்புதான்" என்றாள். அம்மா சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப என்னாதான் செய்யணும் நான்?"

அவள் யோசித்தாள். என் உடம்பை மேலிருந்து கீழ்வரை ஒரு சுற்றுப் பார்த்தாள், எந்த இடம் இன்னும் செருப்பாகவில்லை என்று தேடுகிற மாதிரி.

"மூஞ்ச வைங்க."

"என்னாது?"

"மூஞ்ச வைங்க, தண்ணில."

காலை வெளியே எடுத்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு கலந்தேன், ஏனென்றால் "ஒங்க கால் வச்ச தண்ணியா?" என்று அடுத்த கேள்வி வந்தது. பிறகு தரையில் மண்டியிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கன்னத்தைத் தண்ணீரின் மேல் வைத்தேன். காதுக்குள் கொஞ்சம் போனது. கண்ணை மூடினேன். கன்னத்துக்கு அந்தச் சூடு ஒரு உள்ளங்கை மாதிரி இருந்தது, என்னுடையது மாதிரி அல்லாத ஒரு உள்ளங்கை.

"எந்திரிக்காதீங்க. இருங்க. ஒன்னு, ரெண்டு, மூணு..." அவள் முப்பது வரை எண்ணினாள். பதினெட்டுக்கு அப்புறம் பதினாறுக்குத் திரும்பிப் போனாள். நான் தலையைத் தூக்கவில்லை. எண்ணி முடித்ததும் குனிந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள்.

பிறகு வலது காலின் கட்டைவிரலை மட்டும் விட்டாள். எடுத்தாள். மறுபடி விட்டாள். அன்று அவ்வளவுதான். மறுநாள் ஒரு பாதம். அதற்கு மறுநாள் முக்காலியில் உட்கார்ந்து, "மூடிய போடுங்க" என்றாள்.

அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு அதுதான் முறை. தண்ணீர் கலக்கவேண்டும், முழங்கையை விட்டுப் பார்க்கவேண்டும், அது எனக்காக. பிறகு மண்டியிட்டுக் கன்னம் வைக்கவேண்டும், அது அவளுக்காக. ஒருநாள் இடது கன்னம், ஒருநாள் வலது கன்னம். அவள் மண்டோர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பாள். லயத்தில் எல்லாருக்கும் வேடிக்கை.

"என்னாடா, தொட்டிகிட்ட ரகசியம் பேசுற?" என்பார் அக்கா.

"கேட்டுக்கிட்டிருக்கான் லா, ஆத்தோட சத்தம் கேக்குதான்னு" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

எனக்கோ வாய் பாதி தண்ணீருக்குள் இருக்கும். ஒன்று மட்டும் சொல்லலாம். பத்தொன்பது வருடத்தில் ஒரு இடத்தில் முப்பது எண்ணும் வரை அசையாமல் இருந்தவன் இல்லை நான். அந்த முப்பதில் மட்டும் அசையாமல் இருந்தேன். எழுந்ததும் பழையபடி ஆகிவிடுவேன், அது வேறு. சாமி மேடைப் பக்கம் போகும்போதெல்லாம் கண் தீப்பெட்டிக்குப் போகும். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு தாண்டிப் போவேன்.

மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. மனைவி லீவு போட்டாள். நான் கல்யாணத்துக்குப் போடும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். முந்தின நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தி, டயரைப் பார்க்கிறேன் என்று இறங்கினேன். டயருக்கு ஒன்றுமில்லை என்று மனைவிக்கும் தெரியும்.

பிசியோ அம்மா முதலில் காலை அளந்தார், கோணம் பார்க்கும் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து. காகிதத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, காலைத் தண்ணீரில் கொஞ்சம் வைத்துவிட்டு இன்னொரு தடவை அளக்கலாம் என்று, வெள்ளிநிறத் தொட்டி ஒன்றில் தண்ணீரைத் திறந்தார். தன் முழங்கையை விட்டுப் பார்த்தார். வெப்பமானியையும் விட்டுப் பார்த்தார். "வா சாயாங், காலை வை" என்றார் மலாயில், செல்லமாக.

என் மகள் கையைக் கட்டிக்கொண்டாள். "அப்பா வைக்கட்டும்."

"அப்பா எதை வைக்கணும்?" என்று கேட்டார் பிசியோ அம்மா, மலாயில்.

"மூஞ்சி" என்றாள் தமிழில். பிறகு மலாயிலும் சொன்னாள், கன்னத்தைத் தட்டிக் காட்டி.

அந்தக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. நான் தேய்த்த சட்டையோடு மண்டியிட்டுக் கன்னத்தை வைத்தேன். என் மகள் எண்ண ஆரம்பித்தாள். இந்தத் தடவை பதினெட்டுக்கு அப்புறம் பத்தொன்பதுக்குப் போனாள். முப்பதில் என் கன்னத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சரி, சுடல" என்று பிசியோ அம்மாவுக்கு அனுமதி கொடுத்தாள்.

என்ன நடந்தது என்று மனைவி சொன்னாள், எல்லாவற்றையும், செருப்பு உட்பட. பிசியோ அம்மா சிரிக்கவில்லை. என் கையை வாங்கிப் பார்த்தார். "அடுத்த தடவை நீங்களும் உள்ளே இருக்கணும், ஐயா" என்றார். "நான் சொல்றதை நேரா நீங்களே கேக்கணும்."

இரண்டாவது அளவையும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போனோம். நான் உட்கார்ந்தேன். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருத்துவர் காகிதத்தைப் பார்த்தார், காலைப் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முட்டியை மடக்கினால் பாதம் நன்றாக மேலே வருகிறது என்றார். முட்டியை நீட்டினால் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு வாரத்துக்குமேல் விட்டுப்போயும் இவ்வளவு வந்திருக்கிறது, நல்லது. மாவுக்கட்டு இப்போது வேண்டாம். இதையே இன்னும் மூன்று மாதம் செய்யுங்கள்.

அறுவையைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான்தான் கேட்டேன்.

"இப்போதைக்கு அதைப் பத்தி யோசிக்க வேணாம்" என்றார்.

இப்போதைக்கு. அந்த ஒரு சொல்லை வீடு வரை தூக்கிக்கொண்டு வந்தேன். மனைவிக்கு மருத்துவர் சொன்னதில் மிச்சமெல்லாம் கேட்டிருக்கிறது, எனக்கு அது மட்டும்தான் கேட்டது. பின்சீட்டில் மகள் அவளுடைய அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "டாக்டரு அருவாளே வச்சிருக்கல, நான் மேசைக்குக் கீழயும் பாத்தேன்" என்று. நான் கண்ணாடியில் பார்த்தேன். காலை ஆட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மூன்றரை. மனைவி சட்டியை அடுப்பில் ஏற்றினாள், இன்று ஒருநாள் விட்டால்தான் என்ன என்று நான் சொன்னதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாமி மேடைக்கு முன்னால் வந்து நின்றேன். தீப்பெட்டி அங்கேயே இருந்தது, விளக்குக்குப் பக்கத்தில். ஒரே ஒரு தடவை. யாருக்கும் தெரியாது. நிற்கச் சொல்லி, தள்ளிப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். கை போனது. பெட்டியைத் தொட்டும்விட்டேன். உள்ளங்கைக்கு அது தொட்ட மாதிரியே தெரியவில்லை.

பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா! தண்ணி கலக்கியாச்சி! மூஞ்சியக் கொண்டாங்க!"